டேபிள் மேட் வீட்டிலேயே தைக்கலாம்: துணி நனைப்பதிலிருந்து மூலை திருப்புவது வரை

நேர்த்தையல் போடத் தெரிந்தால் போதும், டேபிள் மேட் தைத்துவிடலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் உட்கார்ந்தேன். முதல் முறை நான்கு தைத்தேன், நான்கும் நான்கு அளவு. அடுக்கி வைத்தால் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது, ஒரு முறை துவைத்ததும் ஓரமெல்லாம் காய்ந்த இலை போலச் சுருண்டுவிட்டது. இத்தனைக்கும் தையலில் ஒரு குறையும் இல்லை. தப்பு நடந்ததெல்லாம் மிஷினில் உட்காருவதற்கு முன்னால்தான்: துணியை நனைக்காமல் வெட்டியது, கண்ணளவில் வெட்டியது, இஸ்திரிப் பெட்டியை எடுக்கச் சோம்பல்பட்டது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் தையல் இருக்காது. அதைத் தாண்டிக்கொண்டு நேராகத் தையலுக்குப் போய்விடாதீர்கள்.

அளவு

பெரும்பாலும் தைக்கப்படும் அளவு 18 இஞ்ச் நீளம், 12 இஞ்ச் அகலம், அதாவது சுமார் 45-க்கு 30 செ.மீ. ஒரு பெரிய தட்டு, பக்கத்தில் ஸ்பூன், மேல் மூலையில் ஒரு டம்ளர், இவ்வளவும் இதில் அடங்கும். ஆனால் உங்கள் மேசை என்ன அளவு என்பதையும் பாருங்கள். மேசையின் அகலம் 30 இஞ்ச்தான் என்றால், எதிரெதிரே இரண்டு மேட் போட்ட பிறகு நடுவில் வெறும் 6 இஞ்ச்தான் மிஞ்சும், பாத்திரம் வைக்க இடம் இருக்காது. வட்ட மேசையில் செவ்வக மேட்டின் மூலைகள் ஒன்றோடொன்று இடிக்கும், வெளிப்பக்க மூலைகள் தொங்கும்.

பழைய செய்தித்தாளை 18-க்கு 12 வெட்டி, மேசையில் போட்டு, தட்டையும் டம்ளரையும் வைத்துப் பாருங்கள். சரியாக இல்லையென்றால் ஒரு இஞ்ச் கூட்டியோ குறைத்தோ இன்னொன்று வெட்டுங்கள். பேப்பர் வீணானால் போகட்டும்.

துணி

முன்பக்கத்துக்கு நடுத்தரக் கனமுள்ள பருத்திதான் என் தேர்வு. லினன், டெனிம், கேன்வாஸ் துணி எல்லாம் நன்றாக வரும். வழவழப்பான பாலியஸ்டர் துணி பார்க்க அழகு, ஆனால் தட்டு நழுவும், கொட்டிய தண்ணீரை உறிஞ்சாமல் உருட்டி விடும், சூட்டுக்கும் ஆகாது. கோடு போட்ட துணியும் கட்டம் போட்ட துணியும் நேராக வெட்ட வசதி என்று தோன்றும். உண்மைதான், ஆனால் ஒரு நூல் கோணினாலும் அதே கோடு உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் முறை தைப்பவர்களுக்குச் சின்னச் சின்ன பூப்போட்ட துணிதான் நல்லது, எந்தக் கோணலையும் மறைத்துவிடும்.

பழைய படுக்கை விரிப்பு வீட்டில் இருந்தால் அதைத் தாராளமாகப் பின்பக்கத்துக்கு எடுக்கலாம். பலமுறை துவைத்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்த துணி அது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், நைந்த இடம் மெல்லிசாகத் தெரியும், அதை விட்டுவிட்டு வெட்டுங்கள்.

அடர்ந்த நிறமென்றால் சாயம் போகுமா என்று பார்த்துவிட வேண்டும். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து அதன் மேல் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை வெளிர்நிறப் பின்பக்கத்தோடு சேர்க்காதீர்கள்.

எவ்வளவு துணி வேண்டும்? 18-க்கு 12 மேட்டுக்கு, சுற்றிலும் அரை இஞ்ச் தையலுக்கு விட்டு, 19-க்கு 13 வெட்ட வேண்டும். 44 இஞ்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணியில் குறுக்காக இரண்டு 19 அடங்கும், மொத்தம் 38. இரண்டு வரிசை வெட்டினால் நீளத்தில் 26 இஞ்ச். ஆக நான்கு மேட்டின் முன்பக்கத்துக்கு 75 செ.மீ., பின்பக்கத்துக்கு இன்னொரு 75 செ.மீ. சுருங்குவதற்கும் சேர்த்து இது போதும். ஒரே திசையில் நிற்கும் டிசைன், உதாரணத்துக்கு மரமோ பறவையோ இருந்தால், எல்லா மேட்டிலும் அது நிமிர்ந்து நிற்கும்படி வெட்ட வேண்டும். அப்போது கணக்கு மாறும், கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள்.

நடுவில் என்ன வைப்பது

வெறும் இரண்டு துணி மட்டும் வைத்துத் தைத்தால் மேட் தொளதொளவென்று கிடக்கும். நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும். சட்டைக் காலருக்குள் வைத்து ஒட்டுவார்களே, அந்த ஃபியூசிங் ஒரு வழி. மேட் தட்டையாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும், துவைத்தால் சீக்கிரம் காயும். இன்னொன்று, மெல்லிய பருத்திப் பஞ்சு ஷீட். மெத்தென்று இருக்கும், ஆனால் அது உள்ளே நகராமல் இருக்க மேலே கோடு கோடாகத் தையல் போட வேண்டும். பழைய மெல்லிய துண்டு கூட வைக்கலாம், காயத்தான் நேரமாகும்.

புசுபுசுவென்று இருக்கும் தடித்த பாலியஸ்டர் பஞ்சு மட்டும் வேண்டாம். ஒருமுறை வைத்துத் தைத்தேன், பார்க்கக் குட்டி மெத்தை மாதிரி ஜோராக இருந்தது. நீளமான கண்ணாடி டம்ளர் அதன் மேல் நிற்கவே இல்லை. தவிர, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அதன் மேல் வைத்தால் உள்ளே இருக்கும் பாலியஸ்டர் உருகக்கூடும். எந்த மேட்டையுமே கொதிக்கும் பாத்திரத்துக்கான தாங்கியாக நினைக்காதீர்கள். பருத்திப் பஞ்சு வைத்திருந்தாலும் சூடு கொஞ்ச நேரத்தில் மேசைக்கு இறங்கிவிடும்.

நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். பருத்தித் துணி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம். 18 இஞ்ச் நீளத்தில் 5 சதவீதம் என்றால் ஏறத்தாழ ஒரு இஞ்ச். முன்னும் பின்னும் ஒரே அளவு சுருங்கினால் மேட் சின்னதாகும், அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால்தான் வினை, அது இன்னொரு பக்கத்தை இழுத்து ஓரத்தைச் சுருட்டிவிடும். என் முதல் நான்கு மேட்டுக்கும் இதுதான் நடந்தது. மேட்டைப் பிற்பாடு எப்படித் துவைக்கப் போகிறீர்களோ, அதே மாதிரி இப்போதே துணியைத் துவைத்துக் காயவைத்து, சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவது

துணியின் வெட்டு ஓரம் நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். அதை நேராக்க ஒரு பழைய வழி இருக்கிறது. கரைக்குப் பக்கத்தில் சின்னதாகக் கத்தரித்து, குறுக்கே ஓடும் ஒரே ஒரு நூலைப் பிடித்து மெதுவாக இழுங்கள். துணி சுருங்கிக்கொண்டே வரும். அதைக் கையால் தள்ளி விட்டுக்கொண்டே இழுத்தால், அந்த நூல் போன வழி மெல்லிய கோடாகத் தெரியும். நடுவில் நூல் அறுந்தால் பரவாயில்லை, கோடு தெரிகிற வரை வெட்டி அங்கிருந்து மறுபடி இழுங்கள். துணியின் கரையையும் வெட்டி எறியுங்கள். அது நெருக்கமாக நெய்த பகுதி, மேட்டில் வந்தால் ஓரத்தைப் பிடித்து இழுக்கும்.

அடுத்து, தடித்த அட்டை ஒன்றில் 19-க்கு 13 அளவில் ஒரு அச்சு வெட்டுங்கள். நான்கு பக்கமும் அளவு சரியாக இருந்தாலும் அட்டை கோணலாக இருக்கலாம். ஆகவே மூலைக்கு மூலை இரண்டு குறுக்காகவும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக, 23 இஞ்ச் இருக்க வேண்டும். ஒன்று கூட, ஒன்று குறைய இருந்தால் அட்டையைத் திருத்திவிட்டு மேலே போங்கள். இந்த ஒரே அட்டையை வைத்து முன்பக்கம், பின்பக்கம் எல்லாவற்றையும் சாக்கால் வரைந்து வெட்டினால் எத்தனை மேட் தைத்தாலும் அளவு மாறாது. ஒரு மேட்டை அளந்து, அதை வைத்து அடுத்ததை, அதை வைத்து அதற்கடுத்ததை என்று வெட்டிக்கொண்டு போனால் நான்காவது எங்கேயோ போய் நிற்கும்.

நடுவில் வைக்கும் ஃபியூசிங்கையோ பஞ்சையோ மட்டும் 18-க்கு 12 வெட்டுங்கள். அது தையலுக்குள் மாட்டக்கூடாது, மாட்டினால் ஓரம் தடித்துப் போகும்.

ஃபியூசிங்கை முன்துணியின் உள்பக்கத்தில், சுற்றிலும் அரை இஞ்ச் விட்டு, பசையுள்ள சொரசொரப்பான பக்கம் துணியைப் பார்க்க வையுங்கள். மேலே ஈரத்துணி ஒன்றைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை ஒரு இடத்தில் வைத்து 10, 15 விநாடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். வழக்கம்போல இழுத்துத் தேய்த்தால் ஃபியூசிங் நகர்ந்து சுருக்கத்தோடு ஒட்டிவிடும், அப்புறம் அதை எடுப்பது பெரும்பாடு. ஆறும் வரை துணியை அசைக்காதீர்கள். பஞ்சு வைப்பதாக இருந்தால் அதே இடத்தில் வைத்து, ஓரத்தைச் சுற்றி நீள நீளமாகக் கையால் ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு உருவிவிடலாம்.

மிஷினில்

இரண்டு மூன்று அடுக்கு துணிக்கு 14 நம்பர் ஊசி. டெனிம் மாதிரி கனமென்றால் 16. தையல் நீளம் 2.5-இல் வையுங்கள். மிச்சத் துணியில் அதே அடுக்குகளை வைத்து ஒரு கோடு ஓட்டிப் பாருங்கள். அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் அடிநூல் சுற்றிய பாபினைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் மேல் நூல் டென்ஷனில், அதாவது நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகளுக்கு நடுவில், சரியாக உட்காராததுதான் காரணம். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலை முதலிலிருந்து கோத்தால் சரியாகிவிடும். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியை மாற்றுங்கள்.

முதல் மேட்டை மட்டும் கடைசி வரை முடித்துப் பாருங்கள். எங்கே சிக்கல் வருகிறது என்று தெரிந்த பிறகு மற்ற மூன்றையும் ஒன்றாகச் செய்யலாம், மூன்றையும் தைத்து, மூன்றையும் திருப்பி, மூன்றையும் இஸ்திரி போட்டு. நேரம் மிச்சம்.

இரண்டு துணியின் நல்ல பக்கமும் உள்ளே ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, ஓரங்களைச் சேர்த்துக் குண்டூசி குத்துங்கள். நீளமான பக்கம் ஒன்றின் நடுவில் 5 இஞ்ச் தூரத்துக்கு இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் துணியை வெளியே திருப்பும் வாய். வழக்கமாக இந்த இடத்தைத் தைக்காமல் விடச் சொல்வார்கள். நான் அங்கேயும் தைத்துவிடுவேன், ஆனால் மிஷினில் இருப்பதிலேயே நீளமான தையலாக. வாயின் இரு முனையிலும் மட்டும் முன்னும் பின்னும் நாலு தையல் ஓட்டிக் கெட்டிப்படுத்திக்கொள்வேன். ஏன் இந்தக் கூத்து என்றால், தைத்து முடித்ததும் அந்தத் தையலை விரித்து இஸ்திரி போட்டுவிட்டு நீளத் தையலைப் பிரித்து எடுத்தால், வாயின் இரண்டு உதடும் தானாகவே நேராக மடிந்து நிற்கும். விட்டுவிட்டுத் தைத்தால் பிறகு அந்த 5 இஞ்சைக் கண்ணளவில் மடிக்க வேண்டும். எத்தனையோ மேட்டில் அந்த ஓர் இடம் மட்டும் பிதுங்கிக்கொண்டு தெரிவது அதனால்தான்.

ஓரத்திலிருந்து அரை இஞ்ச் தள்ளித் தைத்துக்கொண்டே வாருங்கள். மூலைக்கு அரை இஞ்ச் இருக்கும்போது நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்து, ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பி, ஃபுட்டை இறக்கி மறுபடி தையுங்கள். துணி கனமாக இருந்தால் முனையில் சட்டென்று திரும்பாமல் ஒரே ஒரு தையல் குறுக்காகப் போட்டுவிட்டுத் திரும்புங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அந்த ஒரு தையல் இடம் விடுவதால்தான் உள்ளே மடங்கும் துணி நெருக்கியடிக்காமல் மூலை கூராக வரும்.

மூலை

மேட் கையால் தைத்ததா கடையில் வாங்கியதா என்று மூலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதனால் கொஞ்சம் நிதானமாக.

தைத்ததும் உடனே திருப்பாதீர்கள். முதலில் தையலின் மேலேயே ஒரு முறை இஸ்திரி. அப்புறம் ஓரத்தில் நிற்கும் இரண்டு துணியையும் புத்தகம் விரிப்பது போலத் தையலின் இரு பக்கமும் விரித்து இன்னொரு முறை. அடுத்து நான்கு மூலையையும் குறுக்காக வெட்டுங்கள், தையலுக்கும் வெட்டுக்கும் நடுவில் 3 மி.மீ. இருக்கட்டும். ரொம்ப நெருங்கினால் துவைக்கத் துவைக்க மூலை பிய்ந்து வாயைப் பிளக்கும். துணி கனமாக இருந்தால் மூலையின் இரு பக்கத்திலும் ஒரு இஞ்ச் தூரத்துக்கு ஓரத்தைக் கொஞ்சம் சரித்துக் குறைக்கலாம். வாய் இருக்கும் இடத்தில் மட்டும் கத்தரி படக்கூடாது.

இப்போது வாயின் நீளத் தையலைப் பிரித்து, அதற்குள் கையை விட்டு, கட்டைவிரலை ஒரு மூலையின் உள்ளே கொண்டுபோய் வையுங்கள். வெளியே, அந்த மூலையில் இருக்கும் தையல் ஓரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக, கவர் மடிப்பது போல, கட்டைவிரலின் மேல் மடித்து ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடியுங்கள். பிடியை விடாமல் அப்படியே துணியை விரல்களின் மேல் புரட்டுங்கள். மூலை முக்கால்வாசி தானாக வந்துவிடும். மிச்சத்துக்கு, மழுங்கிய முனையுள்ள குச்சி எதையாவது உள்ளே விட்டு மெதுவாகத் தள்ளுங்கள். கத்தரிக்கோல் முனையை விடாதீர்கள். கைக்கு அருகில் அதுதான் இருக்கிறது என்று ஒருநாள் விட்டேன், மூலை கூராகத்தான் வந்தது, கூடவே கத்தரி முனையும் வெளியே வந்தது.

திருப்பிய பிறகு ஓரத்தை விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டி, தையல் சரியாக விளிம்பில் வரும்படி, இல்லையென்றால் ஒரு நூலளவு பின்பக்கம் தள்ளி நிற்கும்படி செய்து இஸ்திரி போடுங்கள். பின்துணி மேலே எட்டிப் பார்க்கக்கூடாது.

மேல் தையல்

தையல் நீளத்தை 3 அல்லது 3.5-க்கு ஏற்றிக்கொண்டு, விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே மேட்டைச் சுற்றி ஒரு தையல். இதிலேயே வாயும் மூடிவிடும். மூலையில் ஆரம்பிக்காதீர்கள், வாய் இருக்கும் பக்கத்தில் ஆரம்பித்து அங்கேயே முடியுங்கள். முதல் தையலிலிருந்து கால் இஞ்ச் உள்ளே இன்னொரு சுற்று போட்டால் ஓரம் இன்னும் படிந்து நிற்கும், மேட்டுக்கும் ஒரு சட்டம் போட்ட அழகு வரும். மூலையில் ஃபுட் மேடேறி நகராமல் ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நின்றால், துணியைப் பிடித்து இழுக்காதீர்கள், ஊசி வளைந்துவிடும். மேட்டின் அதே கனத்துக்கு ஒரு துண்டுத் துணியை மடித்து ஃபுட்டின் பின்பாதிக்குக் கீழே வைத்தால் ஃபுட் சமமாகி நகர ஆரம்பிக்கும்.

உள்ளே பஞ்சு வைத்திருந்தால் 2 இஞ்சுக்கு ஒரு கோடு வீதம் மேலே தையல் போட வேண்டும். முதல் கோடு நட்டநடுவில், அப்புறம் இரண்டு பக்கமும் வெளியே போய்க்கொண்டே இருங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் கடைசியில் உபரித் துணியெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்து மடிப்பு விழும். எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் தையுங்கள். ஒன்று மேலிருந்து கீழே, அடுத்தது கீழிருந்து மேலே என்று போனால் மேட் மெல்ல முறுக்கிக்கொள்ளும். கோடு நேராக வர, மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் ஓரமாகத் தைத்தால் போதும். வாக்கிங் ஃபுட் இருப்பவர்கள் மாட்டிக்கொள்ளுங்கள், மேல் துணியையும் அடித் துணியையும் சேர்த்து நகர்த்தும். இல்லாதவர்கள் மெதுவாகத் தையுங்கள்.

திருப்பாமல் தைக்க: பட்டி வைப்பது

மூலை திருப்பும் வேலையே வேண்டாம் என்றால் ஓரத்தைச் சுற்றி மடித்து மூடும் துணிப் பட்டி வைத்துத் தைக்கலாம். எனக்கு இப்போது இதுதான் பிடித்திருக்கிறது. மூன்று அடுக்கையும் 20-க்கு 14 என்று தாராளமாக வெட்டி, நல்ல பக்கங்கள் வெளியே இருக்க வைத்து, கோடு கோடாகத் தைத்து முடித்த பிறகுதான் 18-க்கு 12 அளவில் தனியாக வெட்டிய அட்டையை வைத்து வெட்டுகிறோம். தைக்கும்போது இழுபட்டதெல்லாம் வெட்டில் போய்விடும், அளவு அச்சாக வரும்.

சுற்றளவு 60 இஞ்ச், மூலைக்கும் இணைப்புக்கும் 10 கூட்டினால் 70. இரண்டரை இஞ்ச் அகலத்தில், துணியின் முழுப் பன்னாவுக்கும் இரண்டு பட்டி வெட்டி இணைத்தால் ஒரு மேட்டுக்குச் சரி, நான்கு மேட்டுக்கு 60 செ.மீ. துணி. நேர்ஓரத்துக்கு நேர்த்துணிப் பட்டியே போதும். மூலையை வட்டமாக வெட்டினால்தான் கிராஸ் துணி, அதாவது சாய்வாக வெட்டிய பட்டி, வேண்டும்.

பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, அதன் வெட்டு ஓரமும் மேட்டின் ஓரமும் சேர, முன்பக்கத்தில் வைத்து, ஆரம்பத்தில் ஒரு கையளவு பட்டியைத் தொங்கவிட்டுக் கால் இஞ்சில் தையுங்கள். மூலைக்குக் கால் இஞ்ச் முன்னால் நிறுத்திக் கெட்டிப்படுத்தி, மேட்டை வெளியே எடுங்கள். பட்டியை மேல்நோக்கி மடியுங்கள், மூலையில் ஒரு சாய்வு மடிப்பு விழும். அதைப் பிடித்துக்கொண்டே பட்டியை அடுத்த ஓரத்தின் மேல் கீழே இறக்குங்கள், மேல் மடிப்பு மேட்டின் விளிம்போடு சேர்ந்து நிற்க வேண்டும். அங்கிருந்து அடுத்த பக்கத்தைத் தையுங்கள். ஆரம்பித்த இடத்துக்கு வந்ததும் தொங்கவிட்ட முனையோடு பட்டியை இணைத்துத் தைத்து மூடுங்கள். கடைசியில் பட்டியைப் பின்னால் மடித்துக் கைத்தையல் போட்டால், மூலை அழகாகச் சாய்ந்து தானாக மடியும்.

ஒரே அடுக்கில் தைக்க ஆசைப்பட்டால், கனமான கேன்வாஸ் துணியை 20-க்கு 14 வெட்டி, சுற்றிலும் அரை இஞ்சாக இரண்டு முறை மடித்துத் தைத்துவிடலாம். அரை மணி நேர வேலை.

துவைப்பது

முதல் இரண்டு மூன்று தடவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில். எண்ணெய்க் கறை பட்டால் காயவிடாமல், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் ஒரு சொட்டு தடவி ஊறவைத்துவிட்டுத் துவையுங்கள். கறை போகும் முன் இஸ்திரி மட்டும் போட்டுவிடாதீர்கள், சூடு பட்டால் கறை ஊன்றிக்கொள்ளும். பிழிந்து முறுக்காமல், ஈரமாக இருக்கும்போதே எதிரெதிர் மூலைகளைப் பிடித்து லேசாக இழுத்துக் கோணல் எடுத்து, முடிந்தால் தட்டையாகப் போட்டுக் காயவையுங்கள். சற்று ஈரம் இருக்கும்போது பின்பக்கத்திலிருந்து இஸ்திரி போட்டு, மடிக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வையுங்கள். அட்டை அச்சையும் தூக்கி எறியாமல் அந்த அடுக்குக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள், அடுத்த செட் தைக்கும்போது தேட வேண்டாம்.